சரவெடிக்குள் போன வாக்கியம்

போன மாதம் நீங்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, தத்துவம் பற்றியும் கல்வி பற்றியும் பேசிப் பதிவு செய்து வெளியிடுவதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நல்ல சுத்தமான ஒலி. ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி நகரும் சத்தம் இல்லை. 'இந்தத் தொழிலில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள்' என்றீர்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததைத் திருத்த வேண்டாம்.

வீட்டை விட்டு ஓடியபோது எனக்குப் பதினான்கு வயது. மதுரையில் ஓட்டலில் மாவாட்டினேன். கொழும்பில் ஒரு சுருட்டுக் கடையில் மூன்று வருடம் இருந்தேன், அங்கே காய்ச்சல் வந்து பாதி உடம்போடு திரும்பினேன். பிறகு டூரிங் கொட்டகை. பிறகு விருதுநகரில் ஒருவரிடம் மைக் செட் வேலை. ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சிவகாசியில் மட்டும் ஏழு வருடம் தங்கினேன். அதற்குக் காரணம் ஒரு இயந்திரம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அச்சாபீஸ் முதலாளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து டேப் ரிக்கார்டர் ஒன்றை வரவழைத்தார். இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் நாடா. அரைமூட்டை அரிசியின் கனம் இருக்கும். அவர் வீட்டில் இரண்டு நாள் எல்லாரும் அதில் பாடினார்கள், மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. ஊரில் பேச்சுக் கூட்டம் நடத்தும் மன்றத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார். மன்றத்தில் யாருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லாததால் நான் அதற்கு ஆளானேன். பெரியவர்களின் சொற்பொழிவைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பட்டாசு, தீப்பெட்டி வேலை செய்கிறவர்கள் இருக்கும் ஊர்களுக்குப் போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். நீங்கள் இப்போது செய்வதைத்தான் நான் தலைச்சுமையாகச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள விஸ்வநத்தம் போவேன். அங்கே காலியாகக் கிடந்த ஒரு தீப்பெட்டிக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், விருதுநகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வகுப்பு நடத்தி வந்தார். எல்லாரும் அவரை சார் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த முக்கால் மணி நேரம் பேசுவார். நன்மை என்றால் என்ன, பயம் எங்கிருந்து வருகிறது, பள்ளிக்கூடம் எதற்கு, இப்படி. கேட்பவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். முக்கால்வாசி பட்டாசு கம்பெனியில் வேலை செய்பவர்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள்.

அவர்களில் முதல் ஆள் கருப்பசாமி அண்ணாச்சி, ஒரு கம்பெனியில் போர்மேன். நாற்பது வயதுக்கு மேல் அந்தக் கிட்டங்கியில் உட்கார்ந்து 'அ' எழுதியவர். சார்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். பிரியத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி வெடி.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நல்ல பேச்சுக்கு மற்ற ஊர்களில் கை தட்டுவார்கள், அங்கே வெடி போடுவார்கள். கிட்டங்கிக்குப் பின்னால் வெறுங்காடு. அண்ணாச்சி ஜன்னலோரம் உட்காருவார். அவர் மச்சினன் சங்கிலி கையில் ஊதுபத்தியோடு வெளியே நிற்பான். சார் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அண்ணாச்சி துண்டை ஒருதரம் ஆட்டுவார், ஒற்றை வெடி. மிக நல்ல வார்த்தை என்றால் துண்டு சுழலும், சரம். சாருக்கும் அது பிடித்துப்போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது, "இன்னைக்கு மூணு ஒத்தை, ஒரு சரம். பரவாயில்ல தம்பி" என்று கணக்குச் சொல்வார்.

இதில் தொழில் நுணுக்கமும் இருந்தது. சார் ஆள்காட்டி விரலை உயர்த்தினால் பெரிய வாக்கியம் வருகிறது என்று அண்ணாச்சிக்குத் தெரியும். வாக்கியம் முடிந்த பிறகு துண்டை ஆட்டினால் திரி எரிந்து வெடிப்பதற்குள் சூடு ஆறிவிடும். அதனால் விரல் உயர்ந்ததுமே ஆட்டிவிடுவார். பேச்சு முடிவதற்கும் வெடி தொடங்குவதற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட விழக்கூடாது என்பது அவருடைய பெருமை. அதற்கென்று திரியை அளந்து வெட்டிவைப்பார்.

அந்த வருடம் தீபாவளி சீசன் முடிந்து லோடெல்லாம் போன பிறகு ஒரு நாள் சார் என்னை விருதுநகருக்கு வரச் சொன்னார். தொண்டையில் கட்டி என்றார். வியாழக்கிழமை மதுரையில் ஆபரேஷன்.

"உயிருக்குப் பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். குரல் இருக்குமான்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லல. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பேச்சுப் பேசுறேன். அதைப் பிடிச்சு வச்சிருங்க. நான் வரமுடியாட்டாலும் அவங்களுக்குப் போட்டுக் காட்டலாம்."

"அவுகளுக்குச் சொல்லிறலாமா சார்?"

"வேண்டாம். சொன்னா பேச்சைக் கேக்க மாட்டாங்க. என் தொண்டையைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க."

என்னிடம் நாடா ஒன்றுதான் இருந்தது. வேறு வாங்க வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது வர வேண்டும். அதில் சார் முன்பு பேசிய பேச்சு ஒன்று இருந்தது, அதை நான் இன்னும் எங்கும் போட்டுக் காட்டவில்லை. அதன்மேல்தான் இதைப் பதிய வேண்டும். பதிவு கெட்டுப்போனால் இரண்டாம் தடவை கிடையாது.

அழியப்போகிறதே என்று சனிக்கிழமை அந்தப் பழைய பேச்சை முதல்முறையாகப் போட்டுக் கேட்டேன். முக்கியமான இடமெல்லாம் வெடி. நேரில் கேட்கும்போது அது தெரியவே இல்லை. மனிதக் காது பேச்சைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது, இயந்திரத்துக்கு எந்தச் சத்தம் பெரியதோ அதுதான் ராஜா.

இனி வருவது நான் செய்த தவறு. ஞாயிறு மதியம் மூன்று மணி. எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் மைக் முன்னால் போய் நின்றேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி குரலை வைத்துக்கொண்டு, "இன்று பதிவு இருக்கிறது. யாரும் வெடி போடக் கூடாது. இருமக் கூடாது. பக்கத்தில் பேசக் கூடாது" என்றேன். காரணம் சொல்லவில்லை. சொல்லக் கூடாத காரணத்தை வைத்துக்கொண்டு, சொல்லக்கூடிய காரணத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். பயந்தவன் அதிகாரம் செய்வான் என்பதை அன்றைக்கு என்னிடமே பார்த்தேன்.

கருப்பசாமி அண்ணாச்சி எழுந்தார்.

"ஏலே தம்பி, பேச்சு சாரோடதா, ஒன்னோடதா?"

"சாரோடது அண்ணாச்சி."

"அப்ப சார் சொல்லட்டும். ஆறு நாளு கம்பெனியில அதத் தொடாத, இதத் தொடாதன்னு கேட்டுட்டு வாரோம். ஏழாம் நாளும் இங்கன வந்து கேக்கணுமா? எங்க வெடிச்சத்தம் ஆகாதுன்னா நாங்களும் ஆகாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். இரண்டு நிமிடத்தில் கிட்டங்கி காலி. திரி செருகும் வேலை பார்க்கும் மாரியம்மாள் மட்டும் வாசலில் நின்று, "ஒமக்கு நல்லா வேணும்" என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்த நேரமெல்லாம் சார் காதுக்கு எட்டாத தூரத்தில், காட்டோரமாக டம்ளரில் வெந்நீர் குடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து வெறும் தரையைப் பார்த்தார். டீக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஐந்து மணிக்குக் கடைசி பஸ்.

என்னிடம் ஒரு சுலபமான வழி இருந்தது. ஓடிப்போய், 'அண்ணாச்சி, சாருக்கு ஆபரேஷன், குரல் போகப் போகுது' என்று சொன்னால் அறுபது பேரும் அழுதுகொண்டு வந்து உட்காருவார்கள். சார் எதைப் பார்த்துப் பயந்தாரோ அதுவே நடக்கும். அவர் கடைசிப் பேச்சை ஒரு துக்க வீட்டில் பேச வேண்டியிருக்கும். வாக்குக் கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், வேலைக்கே அது கெடுதல். நெருக்கடியில் முதலில் கைக்கு அகப்படும் சாவி பெரும்பாலும் வேறு பூட்டினுடையது.

எல்லாரும் டீக்கடையில் இருந்தார்கள். அங்கே ரேடியோ இருந்தது, அதற்குக் கரண்ட் இருந்தது. நான் டேப் ரிக்கார்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னலே, கடைக்காரரையும் டீ ஆத்துற சத்தம் வரக்கூடாதுன்னு சொல்லப் போறியா?" என்றார் அண்ணாச்சி. கடை முழுக்கச் சிரித்தது.

"நான் பேசினது தப்பு அண்ணாச்சி. அஞ்சு நிமிசம் இதக் கேளுங்க. பெறகு நீங்க எப்படிச் சொல்லுதீகளோ அப்படி."

ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினேன். முந்தின நாள் குறித்துவைத்திருந்த இடத்துக்கு நாடாவைச் சுற்றினேன். சார் குரல் வந்தது.

"ஒருத்தன் உண்மையிலேயே படிச்சவனா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பட்டத்தை வச்சா? சட்டையை வச்சா? இல்ல. ஒரே ஒரு அடையாளம்தான் இருக்கு. அவன்..."

சரம் வெடித்தது. ஒரு நிமிடம், அதற்கும் மேல். நல்ல சரம், நடுவில் ஒன்றுகூடப் புஸ்ஸாகவில்லை. அது ஓய்ந்ததும் சார் சொன்னார்: "இதுக்கு மேல நான் என்ன சொல்றதுக்கு இருக்கு?"

"சத்தம் கும்முன்னு விழுந்திருக்கு" என்றார் டீக்கடைக்காரர்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "திரும்பப் போடு" என்றார்.

போட்டேன். "அவன்..." சரம்.

"இன்னொரு மட்டம்."

மூன்றாம் தடவை அவர் ஒலிபெருக்கிமேல் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "அவன் என்ன செய்வான்னு சொன்னாரு? யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

அவரவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்கள்.

"ஏலே சங்கிலி?"

"நான் வெளிய நின்னேன் மச்சான். நீங்க துண்டச் சுத்துனீக, நான் பத்தவச்சேன். எனக்கு என்ன தெரியும்?"

"அம்புட்டு நல்ல வார்த்தைன்னு மட்டும் நெஞ்சுல இருக்கு" என்றார் அண்ணாச்சி. "வார்த்தயக் காணோம்." திண்ணமான உடம்பு அவருக்கு, டீக்கடை பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "மூணு வருசமா நாந்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

பிறகு யாரும் கூப்பிடாமலே எழுந்து நடந்தார். பின்னால் எல்லாரும் நடந்தார்கள். டேப் ரிக்கார்டரைச் சங்கிலி தூக்கிக்கொண்டான். அந்தப் பழைய பேச்சின்மேல்தான் அடுத்த பத்து நிமிடத்தில் புதியதைப் பதிந்தேன். படித்தவனுக்கு அடையாளம் என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாளில் சாரிடம் கேட்டேன், அவருக்கும் நினைவில்லை.

பேச்சு தொடங்கியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது பற்றி. சின்ன வயதில் தான் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், ஒரு பையன் கேட்ட கேள்விக்குத் தெரிந்த மாதிரி ஒரு பொய்ப் பதில் சொன்னதையும், அந்தப் பதிலை அவன் பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்ததையும் சொன்னார். நாற்பது வயதில் ஒரு வகுப்பில் முதல்முறையாக உதறலோடு 'தெரியாது' என்று சொன்னதைச் சொன்னார். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, ஆனால் தெளிவு. விரலை உயர்த்தினார்.

"அன்னைக்குத்தான் நான் வாத்தியார் ஆனேன்."

கிட்டங்கியில் ஒரு சத்தம் இல்லை. எனக்குச் சந்தோஷம், வாக்கியம் முழுசாக நாடாவில் ஏறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சாரின் விரல் இன்னும் மேலேயே நின்றது. கண் ஜன்னலைப் பார்த்தது.

அவர் வெடிக்காகக் காத்திருந்தார்.

நான் அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்த மும்முரத்தில், இன்றைக்கு வெடி கிடையாது என்பதைப் பேசுகிறவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் மைக்கில் அறிவித்தபோது அவர் வெளியே நின்றார். டீக்கடைப் பஞ்சாயத்தும் அவருக்குத் தெரியாது. விரல் மெதுவாக இறங்கியது. இந்த வாக்கியம் இவர்களைத் தொடவில்லை என்று நினைத்துவிட்டார். அதையே திரும்ப, உரக்கச் சொன்னார். குரல் பாதியில் கிழிந்தது. கை தொண்டைக்குப் போயிற்று.

நாடா ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி விளக்கம் சொன்னால் அந்த ஓட்டம் திரும்ப வராது, தொண்டையும் தாங்காது. நிறுத்தாவிட்டால் மனிதர் ஒடிந்துபோவார். விசையின்மேல் என் விரல் இருந்தது. ஆபரேஷன், குரல், ஒரே நாடா எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கருப்பசாமி அண்ணாச்சி எழுந்து நின்றார். வாய் திறக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாரைப் பார்த்தபடி நேராக நின்றார். அடுத்து மாரியம்மாள் எழுந்தாள். பிறகு அறுபது பேரும் எழுந்தார்கள். சேலையும் வேட்டியும் உரசும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

சார் அவர்களைப் பார்த்தார். சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார். புரிந்துகொண்டார். உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தண்ணீர் ஒரு மடக்குக் குடித்து, அடுத்த வார்த்தைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் பேசியது மாதிரி நான் எங்கேயும் கேட்டதில்லை. ஏழெட்டு முறை எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இதுக்குச் சரமே தேவல. முட்டி கழண்டு போச்சு" என்றான் சங்கிலி, நான் நாடாவை நிறுத்திய பிறகு.

உடனே சுற்றிப் போட்டுக் கேட்டேன். சத்தமாக, அங்கேயே, எல்லார் முன்னாலும். ஏறியிருந்தது. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை. சார் தன் குரலைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். "இம்புட்டு மோசமாவா பேசுறேன்? மூணு வருசம் பொறுத்துக்கிட்டீங்களே" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் சுவரில் பஞ்சு ஒட்டிய அறைக்குள் தனியாக உட்கார்ந்து பேசுகிறீர்கள். பேசி முடித்ததும் இருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் வெட்டுகிறீர்கள். வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசும்போது எதிரே ஒரு ஆளை உட்கார வையுங்கள். தத்துவம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டியதில்லை. பிடித்த இடத்தில் முகம் மாறுகிற ஆளாக இருந்தால் போதும். அது இல்லாமல் எந்தப் பெரிய மனிதனும் மூன்றாவது வாக்கியத்தில் தளர்ந்துவிடுவான். இன்னொன்று, கேட்பவர்களிடம் ஒன்றைத் தடுக்க வேண்டியிருந்தால், ஏன் என்று அவர்கள் காதாலேயே கேட்க வையுங்கள். உத்தரவு போடாதீர்கள்.

ஆபரேஷன் நடந்தது. சார் பிழைத்தார். குரல் போய்விட்டது. மூச்சு மட்டும் வரும், சொல் வராது. விஷயம் தெரிந்து அண்ணாச்சி என்னைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்து, "ஒனக்கு முன்னாடியே தெரியுமாலே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சொல்லாம இருந்தியே, நல்ல வேல செஞ்ச" என்று விட்டுவிட்டார்.

மூன்று மாதம் நான் நாடாவைப் போட்டு வகுப்பை ஓட்டினேன். ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஞாயிறு சாரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், கழுத்தில் மப்ளர். தன் பேச்சைத் தானே கேட்டார். நாடா முடிந்ததும் மாரியம்மாள் இயந்திரத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"தெரியாதுன்னு சொல்லச் சொல்லுதீக. தெரியாதுன்னு சொன்னா கம்பெனியில நாளைக்கு வேலைக்கு வராதங்கானே. அதுக்கு என்ன செய்ய?"

சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். மூன்று மாதமாக நான் தூக்கிச் சுமந்த பெட்டிக்கு இதற்குப் பதில் இல்லை.

சார் எழுந்து முன்னால் வந்தார். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். பாதிப் பேருக்கு இன்னும் வேகமாக வாசிக்க வராது. கருப்பசாமி அண்ணாச்சி பலகைக்குப் பக்கத்தில் போய், விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி உரக்க வாசித்தார்.

"எ-து தெ-ரி-யா-து என்-று சொன்-னீர்-கள்? யா-ரி-டம்?" வாசித்துவிட்டு, "அதானே, யார்ட்ட போய் ஒளறுன?" என்று தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சார் தலையை ஆட்டி, அப்படி எழுதவில்லை என்று பலகையைச் சாக்பீஸால் தட்டினார்.

"சரி சார், நா ஒண்ணும் சேக்கல" என்றார் அண்ணாச்சி.

கிட்டங்கி சிரித்தது. சாரும் சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. மாரியம்மாள் பதில் சொன்னாள். சார் அடுத்ததை எழுதினார். அண்ணாச்சி வாசித்தார், வேறொருவர் குறுக்கே பேசினார், பலகை நிறைந்தது, அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.